ஏழாவது வளைவில் மூச்சு வாங்கிய வண்டி

சேலத்தை அடுத்த கொண்டப்பநாயக்கன்பட்டி நேர் ரோட்டில் வண்டி பறந்தது. 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக். முந்தின வாரம்தான் கம்பெனி சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளியில் வாங்கிய ஒன்றை மாட்டியிருந்தேன். நடுவில் பருத்து, கடைசியில் ஒல்லியாகி முடியும் குழாய். ஆக்சிலேட்டரை முறுக்கினால் ஒரு நொடி தயங்கி, அப்புறம் யாரோ பின்னாலிருந்து தள்ளுவதுபோல் பாய்ந்தது. அடிவாரம் தாண்டியதும் அந்தச் சுகம் போய்விட்டது. ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வேகம் விழுந்தது. விழுந்ததும் இன்ஜின் 'பொம்ம்' என்று அடைத்துக்கொண்டது. ஏழாவது வளைவில் முதல் கியருக்கே இறங்க வேண்டியதாயிற்று. அந்த நேரம் பார்த்து இன்னொரு ஆர்எக்ஸ், கம்பெனி சைலன்சரோடு, பின்னால் ஓர் அம்மா, டேங்க் மேல் ஒரு பையன், ஹேண்டிலில் ஒரு கட்டைப் பை என்று குடும்பத்தோடு 'ட்ர்ர்ர்' என்று என்னைக் கடந்து மேலே போனது.

திங்கட்கிழமை சேலம் குகைப் பகுதியில் இருக்கும் என் மெக்கானிக்கிடம் போய் நின்றேன். அவர் குழாயை விரலால் தட்டிப் பார்த்தார்.

"சத்தம் ஏறுச்சில்ல?"

"ஏறுச்சுங்கண்ணா. இழுவைதான் போயிருச்சு."

"குழாய மாத்துனா பாதி இன்ஜினயே மாத்துன மாதிரி தம்பி. கார்புரேட்டர மட்டும் பழசாவே விட்டுட்டா அது என்ன பண்ணும்?"

அவர் சொன்ன 'பாதி இன்ஜின்' மிகை இல்லை. ஆர்எக்ஸில் இருப்பது டூ ஸ்ட்ரோக் இன்ஜின், பிஸ்டன் ஒருமுறை ஏறி இறங்கினாலே ஒரு வெடிப்பு. அதில் புகை வெளியேறும் வழிக்கு வால்வு கிடையாது. சிலிண்டர் சுவரில் ஜன்னல்கள் இருக்கும். பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது தானே அவற்றைத் திறந்து மூடும். வெடிப்பு முடிந்து பிஸ்டன் இறங்கும்போது முதலில் புகை ஜன்னல் திறக்கிறது. கொஞ்சம் கீழே போனதும் புதுக் கலவை உள்ளே வரும் ஜன்னல்கள் திறக்கின்றன. பிஸ்டன் திரும்ப ஏறும்போது இதே வரிசை தலைகீழாகும்: கலவை ஜன்னல்கள் முதலில் மூடும், புகை ஜன்னல் கடைசியில் மூடும். சிக்கல் இங்கேதான். உள்ளே வந்த புதுப் பெட்ரோலும் காற்றும், இன்னும் மூடாத புகை ஜன்னல் வழியாகக் கொஞ்சம் நழுவி வெளியே போய்விடும். கதவே இல்லாத வீட்டில் வந்த விருந்தாளி பின்வாசல் வழியாகப் போவதுபோல. அவரைத் திருப்பி உள்ளே தள்ள ஆள் வேண்டும். அந்த வேலையைத்தான் சைலன்சருக்குள் ஓடும் அழுத்த அலை செய்கிறது.

சேலம் ஜங்ஷனில் ஷன்டிங் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்வது சுலபம். இன்ஜின் ஒரு வரிசைப் பெட்டிகளை 'டங்' என்று இடிக்கிறது. இடி பெட்டி பெட்டியாகக் கடந்து கடைசிப் பெட்டிக்குப் போகிறது. அதற்கு அப்பால் ஒன்றும் இல்லாவிட்டால் கடைசிப் பெட்டி முன்னே ஓடப் பார்க்கும். ஓடும்போது முந்தைய பெட்டியை இழுக்கும். அந்த இழுப்பு திரும்ப இன்ஜின் வரைக்கும் வந்து சேரும். தள்ளு போனது, இழுப்பு திரும்பியது. கடைசிப் பெட்டி தண்டவாள முடிவில் இருக்கும் கட்டையை முட்டிக்கொண்டு நின்றிருந்தால்? தள்ளு அப்படியே தள்ளாகத் திரும்பி வரும்.

குழாய்க்குள் காற்றும் இப்படித்தான். புகை ஜன்னல் திறந்ததும் ஒரு அழுத்த அலை கிளம்புகிறது. குழாய் விரிகிற இடத்தில் அது இழுப்பாகத் திரும்பும். சுருங்குகிற இடத்தில் தள்ளாகத் திரும்பும். நாதஸ்வரத்தின் அணசு விரிந்திருப்பதால் அலையின் ஒரு பங்கு அங்கிருந்து உள்ளே திரும்புகிறது. அதனால்தான் உள்ளே சுரம் நிற்கிறது. நம் குழாயில் சுரம் தேவையில்லை, நேரம் தேவை. முதலில் விரியும் கூம்பு: அதிலிருந்து திரும்பும் இழுப்பு சிலிண்டருக்குள் மிச்சமிருக்கும் புகையை உறிஞ்சுகிறது, புதுக் கலவையையும் கூடவே இழுத்து வருகிறது. அடுத்து பருத்த வயிறு. அப்புறம் சுருங்கும் கூம்பு: அதிலிருந்து திரும்பும் தள்ளு, புகை ஜன்னல் மூடுவதற்குச் சற்று முன்னால் வந்து, நழுவிப் போன கலவையைப் பிடித்து உள்ளே திணிக்கிறது. கடைசியில் இருக்கும் ஒல்லிக் குழாய் வெறும் வடிகால். ஆனால் அதை அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால் சூடு வெளியேறாமல் பிஸ்டன் தலையே உருகும். இந்த மொத்த அமைப்புக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் என்று பெயர், பட்டறையில் வெறும் 'சேம்பர்'.

கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம், கஷ்டம் இல்லை. ஆர்எக்ஸ் 100 தன் முழு 11 குதிரைத் திறனைத் தருவது நிமிடத்துக்கு 7500 சுற்றில். அப்படியென்றால் ஒரு சுற்றுக்கு 8 மில்லி விநாடி. புகை ஜன்னல் தோராயமாகப் பாதிச் சுற்று திறந்திருக்கும், அதாவது 4 மில்லி விநாடி. சூடான புகையில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் போகும். 4 மில்லி விநாடியில் 2 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து 2 மீட்டர் என்றால், அலை முட்டித் திரும்ப வேண்டிய இடம் சுமார் 1 மீட்டர் தூரத்தில். உங்கள் வண்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேப் பிடித்துப் பாருங்கள். குழாய் ஏன் அந்த நீளம் என்பது புரியும்.

இப்போது ஏழாவது வளைவுக்கு வருவோம். அங்கே இன்ஜின் 4000 சுற்றுக்கு விழுந்திருந்தது. ஒரு சுற்று 15 மில்லி விநாடி. புகை ஜன்னல் 7.5 மில்லி விநாடி திறந்திருக்கும். அலை மட்டும் அதே 4 மில்லி விநாடியில் திரும்பிவிடும், இன்ஜின் மெதுவாகிவிட்டது என்று அதற்கு யார் சொல்வது? ஜன்னல் அகலத் திறந்திருக்கும் நேரத்தில், புதுக் கலவை உள்ளே வந்துகொண்டிருக்கும்போதே, வெளியே போன புகையை அது திரும்ப உள்ளே தள்ளுகிறது. 'பொம்ம்' என்ற அடைப்பு அதுதான். கம்பெனி சைலன்சரில் கூம்புகள் சாய்வு குறைந்தவை, உள்ளே சத்தத்தை அடக்கும் பஃபிள் இருக்கிறது. அலை பலவீனமாக, ஆனால் பரவலாகத் திரும்பும். ஆகவே எல்லாச் சுற்றிலும் சுமாராக உதவும். கூம்பைச் செங்குத்தாக்கினால் ஒரு குறுகிய சுற்று வரம்பில் பலமாக உதவும், மற்ற இடத்தில் காலை வாரும். நான் வாங்கியது இரண்டாம் வகை. ரேஸுக்குச் சரி. மலைப் பாதைக்கு ஆகாது.

இதை முறையாகக் கண்டுபிடித்துச் சீராக்கியவர்களில் முதலிடம் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார்சைக்கிள் நிறுவனத்துப் பொறியாளர் வால்டர் காடனுக்கு. போர்க்காலத்தில் ராக்கெட் வேலையில் இருந்தவர். 1950களில் குழாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்குவதை, அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்து வடிவத்தைச் செதுக்கினார். 1961இல் அவருடைய 125 சிசி இன்ஜின் 25 குதிரைத் திறன் தந்தது. லிட்டருக்கு 200 என்ற கணக்கு. அதே ஆண்டு செப்டம்பரில் அவருடைய ரைடர் எர்ன்ஸ்ட் டெக்னர், ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்கே தப்பி, இந்த ரகசியங்களோடு சுசூகியில் சேர்ந்தார். மறுவருடம் 50 சிசி உலகப் பட்டம் சுசூகிக்கு. நம் ஊர் ஆர்எக்ஸ், யெஸ்டி எல்லாவற்றின் குழாயிலும் அந்தக் கதையின் ஒரு துண்டு ஓடிக்கொண்டிருக்கிறது.

சரி, மாட்டுவதற்கு வருவோம். பெரும்பாலானவர்கள் பின்பக்கக் கிளாம்ப்பை முதலில் இறுக்கிவிட்டு, முன்னால் குழாய் வாயைச் சிலிண்டரோடு வலுக்கட்டாயமாகச் சேர்ப்பார்கள். இது தப்பு. எல்லாவற்றையும் கையால் தளர்வாகப் போட்டு, சிலிண்டர் பக்கம் முதலில் சீராக இறுக்கி, கடைசியில்தான் பின்பக்கம். இழுத்துப் பிடித்து மாட்டிய குழாய் அதிர்வில் வெல்டிங் ஓரமாக விரிசல் விடும். பின் கிளாம்ப்பில் ரப்பர் புஷ் கட்டாயம். வாயில் பழைய பேக்கிங்கையே திரும்பப் போடுவதும் கூடாது. அங்கே மயிரிழை கசிவு இருந்தால் அலையின் பலம் கெடும், இழுப்பு வரும் நேரத்தில் வெளிக்காற்று உள்ளே போய் 'பட் பட்' என்று வெடிக்கும். கண்டுபிடிக்க என் மெக்கானிக் ஊதுபத்தி வைத்திருக்கிறார். வண்டியை ஐடிலில் விட்டு, சேரும் இடத்தைச் சுற்றி ஊதுபத்தியை மெதுவாக நகர்த்துவார். புகை ஓரிடத்தில் நடுங்கினால் அங்கே ஓட்டை. பூஜைக்கு வாங்கியது எப்போதோ தீர்ந்து, இப்போது வாங்குவதெல்லாம் சைலன்சருக்குத்தான்.

குழாய் நன்றாக இழுக்க ஆரம்பித்தால் சிலிண்டருக்குள் காற்று கூடுதலாக வரும். கூடுதல் காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். ஆக, கார்புரேட்டரில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளையான மெயின் ஜெட் பெரிதாக வேண்டும். இருப்பதைவிட 10 எண் பெரிய ஜெட்டில் தொடங்கி ஐந்து ஐந்தாக இறங்குவதே பத்திரம். பெட்ரோல் அதிகமானால் வண்டி மந்தமாகும், அவ்வளவுதான். குறைந்தால் பிஸ்டன் போகும். ஜெட் சரியா என்று பிளக் சொல்லும். நேர் ரோட்டில் முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து, அதே நொடியில் சாவியை அணைத்து, உருட்டி நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். உள்ளே பீங்கான் காபித்தூள் நிறத்தில் இருந்தால் சரி. கன்னங்கரேல் என்று இருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் உடனே பெரிய ஜெட். ஐடிலில் ஓடவிட்டுப் பிளக் பார்ப்பவர்கள் மெயின் ஜெட்டைப் பார்ப்பதில்லை, ஐடிலுக்குப் பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டைத்தான் பார்க்கிறார்கள்.

இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் இதில் ஒரு புதுத் தலைவலி. சுத்தப் பெட்ரோல் 1 பங்கு எரிய 14.7 பங்கு காற்று வேண்டும். இந்தக் கலப்புக்கு 13.5 போதும். பழைய ஜெட்டிலேயே ஓட்டினால் வண்டி 8 சதவீதம் பெட்ரோல் பற்றாக்குறையில் ஓடுகிறது என்று பொருள். சைலன்சரே மாற்றாத பழைய வண்டிக்கும் இது பொருந்தும்.

இதற்கு மேல் மலை வேறு. சேலம் ஏறக்குறைய 280 மீட்டர் உயரம், ஏற்காடு 1500 மீட்டரைத் தாண்டும். மேலே காற்றழுத்தம் 14 சதவீதம் குறைவு. குளிர்ச்சி கொஞ்சம் ஈடு கட்டுவதால் காற்றின் அடர்த்தி 11 சதவீதம் குறைவு. கார்புரேட்டருக்கு எடை தெரியாது. காற்று ஓடும் வேகத்தை வைத்துப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. காற்று 11 சதவீதம் குறைய, பெட்ரோல் 6 சதவீதம்தான் குறைகிறது. ஆக மேலே போகப் போகக் கலவையில் பெட்ரோல் மிகுந்து வண்டி கனக்கிறது. குளிர் வேறொன்றும் செய்யும். ஒலியின் வேகம் சூட்டைப் பொறுத்தது. குழாயின் உள்ளே 450 டிகிரி இருக்க வேண்டிய புகை 300 டிகிரியில் இருந்தால், அலை 11 சதவீதம் மெதுவாகி, 7500 சுற்றுக்கு அமைத்த குழாய் 6700க்கு அமைந்ததுபோல் நடந்துகொள்ளும். மார்கழிக் காலையில் ஏரிக்கரையில் வண்டியைக் கிளப்பினால் முதல் இரண்டு கிலோமீட்டர் அது உங்கள் வண்டியாகவே இருக்காது.

மேலே கனக்கிறதே என்று ஒருமுறை ஏற்காட்டில் சின்ன ஜெட் போட்டேன். இரண்டு நாள் அருமையாக ஓடியது. மூன்றாம் நாள் மதியம் அதே ஜெட்டோடு இறங்கினேன். இறக்கம் முழுக்க ஆக்சிலேட்டர் மூடியே இருந்தது. ஆர்எக்ஸில் ஆயில் பம்பு ஆக்சிலேட்டரோடு இணைந்தது. மூடினால் ஆயிலும் குறையும். நகரைத் தாண்டி ஓமலூர் ரோட்டில் கருப்பூர் பக்கம் வெயிலில் முழு முறுக்கு. கீழே கெட்டிக் காற்று, சின்ன ஜெட். ஒரு 'கீய்ங்', பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் தப்பித்தேன். பட்டறையில் சிலிண்டரைக் கழற்றியபோது பிஸ்டனின் புகை ஜன்னல் பக்கத்தில் மட்டும் செங்குத்தாகக் கீறல்கள், ரிங் தன் பள்ளத்திலேயே ஒட்டியிருந்தது. அதிகம் சூடாவது அந்தப் பக்கம்தான். சிலிண்டரை அடுத்த அளவுக்குக் கடையும் ஓவர்சைஸ் போர், புது பிஸ்டன் என்று ஒரு மாதச் சம்பளத்தில் நல்ல பங்கு போயிற்று.

புல்லட்காரர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதியாகச் சிரிக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக்கில் வால்வு இருப்பதால் குழாயின் ஆட்டம் குறைவு. இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் சின்ன இடைவெளியில் இழுப்பு வந்தால் லாபம், அவ்வளவுதான். ஆனால் பஃபிளை அறுத்துவிட்டுப் 'பவர் வந்துருச்சு' என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வந்தது சத்தம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு.

என் சேம்பர் இப்போது வயிற்றுப் பகுதி 40 மி.மீ. நீட்டப்பட்டு, கடைசியில் ஒரு சின்ன சத்தம் அடக்கியோடு இருக்கிறது. நீளம் கூடியதால் உச்சச் சுற்று கொஞ்சம் கீழே வந்தது, நடுச்சுற்றில் உயிர் வந்தது. ஏழாவது வளைவை இரண்டாம் கியரில் ஏறுகிறது, முனகிக்கொண்டே. கம்பெனி சைலன்சர் கரி எடுத்துச் சுத்தமாகப் பரணில் இருக்கிறது. வீட்டில் யாரையாவது பின்னால் உட்கார வைத்து ஏற்காடு போகும் நாளில் அதைத்தான் இறக்கி மாட்டுகிறேன்.