ஆமை ஏன் கையை ஆட்டுகிறது?

"மாமா, சின்ன ஆமை பெரிய ஆமையைக் கன்னத்தில் அறைகிறது!" என்று அக்கா மகன் சிங்கப்பூரின் ஈசூனிலிருந்து காணொளி அனுப்பினான். பார்த்தேன். சின்னது பெரியதன் முகத்துக்கு நேரே பின்னோக்கி நீந்தியபடி, முன்னங்கால்களை நீட்டி நகங்களைப் படபடவென்று அதிரவிட்டுக்கொண்டிருந்தது. அறையவில்லை, பெண் கேட்கிறது.

சிங்கப்பூரில் சட்டப்படி வளர்க்கக்கூடிய சிவப்புக்காது ஆமையின் பூர்வீகம் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகை. ஆண் சிறியது, அதன் முன்னங்கால் நகங்கள் நீளமானவை, வால் தடித்தது. பருவமெய்தாத குட்டிகளும் சில வேளை நகத்தை இப்படி ஆட்டும். பெண்ணுக்குப் பிடிக்காவிட்டால் விலகிப் போகும். குளத்தில் அதற்கு இடமுண்டு. வீவக அடுக்குமாடி வீட்டின் இரண்டடித் தொட்டியில் எங்கே போவது? விடாமல் துரத்தும் ஆண் கழுத்தைக் கடிக்கும். தனித்தொட்டிதான் வழி.

ஆணின் வாலடியிலிருந்து சில சமயம் கருநிறத்தில் பூப்போல் ஒன்று விரியும். குடல் சரிந்துவிட்டதென்று பதறுபவர்கள் உண்டு. அது ஆண்குறி. சில நிமிடங்களில் தானே உள்ளே போகும். போகாவிட்டால் ஈரம் காயாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பெரியதைப் பிரித்து வைத்த சில வாரங்களில் அடுத்த புகார் வந்தது: சாப்பிடுவதில்லை, கண்ணாடியைப் பிறாண்டுகிறது, தப்பிக்கப் பார்க்கிறது. பின்னங்கால்களால் தோண்டுகிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். முட்டை! கோழியைப் போல, ஆணே இல்லாமலும் பெண் ஆமை முட்டையிடும், அவை பொரிக்காது. ஆனால் ஒருமுறை இணைந்துவிட்டால் விந்தணுவை மாதக்கணக்கில் உடலுக்குள்ளேயே சேமித்து வைக்கும்.

தோண்ட மண் கிடைக்காத ஆமை முட்டையை அடக்கிக்கொள்ளும். அது உயிருக்கே ஆபத்து. சுண்ணாம்புச் சத்துக் குறைந்தாலும் தசை சுருங்க வலுவின்றி முட்டை சிக்கிக்கொள்ளும். அந்தச் சத்து உடலில் சேரப் புறஊதாக் கதிர் வேண்டும். ஜன்னல் கண்ணாடி அதில் தேவையான பகுதியை வடிகட்டிவிடுவதால், ஜன்னலோர வெயிலை நம்பிப் பயனில்லை.

அக்கா மனமில்லாமல் கறிவேப்பிலைத் தொட்டியின் ஈரமண்ணைப் பெரிய வாளியில் ஒரு சாண் ஆழத்துக்குக் கொட்டினார். மறுநாள் காலையில் ஏழு முட்டைகள். குஞ்சு பொரிக்கட்டும் என்று பையன் கெஞ்சினான். ஆமைக்கு அடைகாக்கும் வெப்பம்தான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. வெப்பம் கூடினால் பெண். அது வேண்டுமானால் சுவையான செய்தி. ஏழு குஞ்சுகள் முப்பது ஆண்டு வாழ்ந்தால் யார் பார்ப்பது? நீர்த்தேக்கத்தில் விடுவது குற்றம்.

முட்டைகள் அன்றே உறைபெட்டிக்குப் போயின. அவன் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.