கிராக் போட்ட கேட் மென்பொருள் இலவச மென்பொருள் ஆகாது

போன வாரமும் ஒரு லேப்டாப் வந்தது. கோவை கணபதி பக்கம் இரண்டு லேத், ஒரு விஎம்சி (கணினிக் கட்டளையில் உலோகத்தைக் குடைந்து வெட்டுகிற மெஷின்) வைத்து பம்ப் உதிரிபாகம் செய்து கொடுக்கிற தம்பியுடையது. ஐந்து வருட ட்ராயிங் அத்தனையும் பூட்டிக் கிடக்கிறது, ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். என்ன செய்தாய் என்று கேட்டால், நண்பர் ஒருவர் பென் டிரைவில் கேட் மென்பொருளும், அதாவது கணினியில் பாகங்களை வரைகிற மென்பொருளும், அதற்கான கிராக்கும் கொடுத்தாராம், போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருந்ததாம், அணைத்தாராம். இந்த வருடம் நான் பார்க்கிற நான்காவது லேப்டாப் இது. அவருக்கு மிஞ்சியது பார்ட்டிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த பிடிஎஃப்கள் மட்டும்தான்.

"ஃப்ரீ சாஃப்ட்வேர்தானே அண்ணா போட்டேன்" என்றார். எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

தம்பி, காசு கொடுக்காமல் வந்ததெல்லாம் ஃப்ரீ சாஃப்ட்வேர் ஆகிவிடாது. கிராக் என்பது இன்னொருவர் விற்கிற பொருளின் பூட்டை உடைத்தது. உடைத்தவர் யார், உள்ளே வேறு எதை வைத்தார் என்று கொடுத்த நண்பருக்கும் தெரியாது. தெரிந்தே அதைப் பயன்படுத்தினால் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் சிறைத் தண்டனை வரை இருக்கிறது. ஃப்ரீகேட் என்று ஒரு கேட் மென்பொருள் இருக்கிறது, அது அப்படிப்பட்டதல்ல. 2002இல் யூர்கன் ரீகல் தொடங்கி, பலர் சேர்ந்து வளர்த்துக்கொண்டிருக்கிற மென்பொருள். மூல நிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். எல்ஜிபிஎல் என்கிற திறந்த மூல உரிமத்தில் வருவதால் தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம், வருடா வருடம் புதுப்பிக்கச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள்.

"இலவசம்னா மட்டமா இருக்குமே" என்பது அடுத்த கேள்வி. ஃப்ரீகேடுக்குள் வடிவக் கணக்கைப் போடுகிற ஓப்பன் கேஸ்கேட் என்கிற நிரலை, பிரான்சின் மாத்ரா டேட்டாவிஷன் நிறுவனம் தன் வணிக மென்பொருளுக்காக எழுதி, 1999இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது. நீங்கள் அனுப்புகிற ஸ்டெப் ஃபைல் (எல்லா கேட் மென்பொருளும் படிக்கிற பொதுவான 3டி ஃபைல்) எந்த மென்பொருளில் வரைந்தது என்று விஎம்சிக்குக் கவலை இல்லை. குறைகளும் உண்டு. நூற்றுக்கணக்கான பாகம் உள்ள அசெம்பிளியில் திணறும், ஆட்டோகேடின் டிடபிள்யூஜி ஃபைலை நேரடியாகத் திறக்காது, தனியாக ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். பார்ட்டியிடம் டிஎக்ஸ்எஃப் (பொதுவான ட்ராயிங் ஃபைல்) அல்லது ஸ்டெப் கேட்டு வாங்குங்கள், பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். வெறும் 2டி ட்ராயிங்தான் வேலை என்றால் லிப்ரேகேட் என்கிற இன்னொரு இலவச மென்பொருள் போதும்.

ஃப்ரீகேடின் சொந்த வலைத்தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பு அல்லது அதற்குப் பிந்தையதையே போடுங்கள், கற்றுக்கொள்ள எடுக்கிற வீடியோவும் அதற்கானதாக இருக்கட்டும். 0.18 பதிப்புக்கான பழைய வீடியோவைப் பார்த்துக்கொண்டு "அந்த பட்டனே இல்லையே" என்று தவிக்கிறவர்கள் நிறையப் பேர்.

முதல் நாளே முழு பம்ப்பையும் வரைய உட்காராதீர்கள். மேஜையில் கிடக்கிற ஒரு எல் பிராக்கெட்டை எடுங்கள், வெர்னியரில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள், யூனிட் மில்லிமீட்டரில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஃப்ரீகேடில் பாகம் வரைவதற்கான பார்ட் டிசைன் வொர்க்பென்ச்சில் ஸ்கெட்ச் தொடங்குங்கள். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். ஒரு செவ்வகம் போட்டவுடன் பேட் என்கிற கட்டளை கொடுத்துக் கனமாக்கிவிடுகிறார்கள். அந்தச் செவ்வகத்துக்கு நீளம், அகலம், கிடைமட்ட இடம், செங்குத்து இடம் என்று நான்கு விஷயம் இன்னும் முடிவாகவில்லை. நான்கையும் அளவு கொடுத்துக் கட்டினால்தான் கோடுகள் பச்சையாகும். பச்சையாகாமல் மேலே போகாதீர்கள், பிறகு ஒரு அளவை மாற்றும்போது துளை வேறெங்கோ நகர்ந்து நிற்கும். இன்னொன்று, அடுத்தடுத்த ஸ்கெட்ச்சைப் பாகத்தின் முகத்தில் ஒட்டுவதை விட, முடிந்தவரை அடிப்படைத் தளங்களிலேயே வையுங்கள். பழைய பதிப்புகளில் முன்னால் ஒன்றை மாற்றினால் முகங்களின் பெயர் மாறி, பின்னால் இருப்பதெல்லாம் உடையும். 1.0இல் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தாலும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை, போக வேண்டியதும் இல்லை.

மெஷினுக்கு 3டி பிரிண்டிங்குக்கான எஸ்டிஎல் ஃபைலை அனுப்பாதீர்கள். அதில் இருப்பது வெறும் முக்கோணங்கள், துளை வட்டமாகவே இருக்காது, யூனிட்டும் கிடையாது. லேசர் கட்டிங்குக்கு டிஎக்ஸ்எஃப் கொடுத்தால் ஏதாவது ஒரு அளவை எழுதி, வெட்டுகிறவர்களிடம் அவர்கள் திரையில் சரி பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மில்லிமீட்டரை அங்குலமாகப் படித்துவிட்டால் பாகம் 25.4 மடங்கு பெரிதாகிவிடும். அப்புறம் பேக்கப். தனி ஹார்டு டிஸ்கில் எடுங்கள், எடுத்தவுடன் கழற்றி வையுங்கள். செருகியே வைத்திருந்தால் இப்படிப்பட்ட வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும், தயவுசெய்து இதையாவது கேளுங்கள்.

அந்தத் தம்பியின் லேப்டாப்பைச் சுத்தமாக அழித்து ஃப்ரீகேட் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பிடிஎஃப்பைப் பார்த்து கிளாண்ட் ஃபிளாஞ்ச் என்கிற பம்ப் பாகத்திலிருந்து ஒவ்வொன்றாக மறுபடி வரைகிறார். நேற்று வரை ஆறு முடிந்திருக்கிறது.