மூன்றாவது குண்டு ஏன் விலகுகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "தாத்தாவிடம் லைசென்ஸ் உள்ள பழைய ரைஃபிள் ஒன்று இருந்தது. குழல் வாய்வழியே வெடிமருந்து கெட்டிக்கிற வகை. முதல் குண்டு குறியில் விழும், மூன்றாவது விலகும். 'கைராசி அவ்வளவுதான்' என்பார். உண்மையில் என்ன காரணம்?"

கைராசிக்கு இதில் வேலையே இல்லை. காரணம் குழலுக்குள் படியும் கசடு.

இந்த வகைத் துப்பாக்கிக்குப் போடும் கருமருந்தில் 75 பங்கு வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்), 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரியத் தேவையான ஆக்சிஜனை வெடியுப்பே தருவதால், 2,240 மீட்டர் உயரத்து ஊட்டியிலும் அது குறைவின்றி எரியும். குழலின் உட்புறத் திருகு பள்ளங்களை, குண்டைச் சுற்றிய எண்ணெய்த் துணி பற்றிக்கொள்ள, குண்டு சுழன்றபடி வெளியேறும். தறிகெட்ட சுழற்சி குண்டைப் பக்கவாட்டில் இழுக்கும் என்று 1740களில் விளக்கியவர் ஆங்கிலேயக் கணித அறிஞர் பெஞ்சமின் ராபின்ஸ். தொங்கும் மரக்கட்டையில் சுட்டு, அது ஆடும் அளவைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணக்கிட்டவரும் அவரே. 1751இல் அவர் இறந்தது நம் கடலூர் புனித டேவிட் கோட்டையில். பாடநூலில் அவருக்கு ஒரு பத்தியாவது கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இப்போது கசடு. குன்னூர் பக்கத்து அருவங்காடு வெடிமருந்துத் தொழிற்சாலைக்குப் பெயர் தந்த கார்டைட் போன்ற புகையில்லா மருந்து எரிந்தால் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். கருமருந்து அப்படியல்ல. ஆண்ட்ரூ நோபிள், பிரெடெரிக் ஏபல் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 1870களில் மூடிய கலத்துக்குள் அதை எரித்து அளந்தார்கள்: எடையில் 43 விழுக்காடுதான் வாயு. பாதிக்கு மேல் பொட்டாசியம் உப்புகளாகத் திடமாகவே நிற்கிறது. அதில் கொஞ்சம் புகையாகப் போகும், மீதி குழலில் ஒட்டும். ஒவ்வொரு வெடிக்கும் ஒரு பூச்சு! குழல் இறுகுகிறது, உராய்வு கூடுகிறது, அழுத்தம் மாறுகிறது, வேகமும் மாறுகிறது. காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்கிட்டாலும், நொடிக்கு 450 மீட்டர் வேகக் குண்டு 100 மீட்டர் தூரத்தில் 24 செ.மீ. தாழும், 400 மீட்டர் என்றால் 31 செ.மீ. தாழும். நான்கு விரல் அகலம் இப்படித்தான் காணாமல் போகிறது.

இந்தக் கசடு ஈரத்தை உறிஞ்சும் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். மூடுபனி இறங்கிய நாளில் பிசுபிசுவென்று இளகிக் கிடக்கும். உறைபனி விழும் ஜனவரியின் வறண்ட பகலில் ஓடுபோல இறுகும். துப்பாக்கி ஒன்றுதான், ஆனால் நாளுக்கொரு குழல்.

ஆகவே தேர்ந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைக்கப் பார்க்கிறார்கள். மருந்துக்கு ஒரே அளவுக் குவளை, துணிக்கு ஒரே தடிமன். கெட்டிக்கும் கம்பியில் ஒரு கோடு கீறியிருப்பார்கள். அந்தக் கோடு குழல் வாய்க்கு நேராக வந்தால் குண்டு மருந்தின்மேல் சரியாக உட்கார்ந்துவிட்டது என்று பொருள். இடைவெளி விட்டால் குறி தவறுவது மட்டுமல்ல, குழலே பிளக்கலாம்.

குன்னூரில் ஓய்வுபெற்ற ராணுவ நண்பர் ஒருவர் சுடுவதைப் பயிற்சித் திடலில் பார்த்தேன். ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் ஈரத்துணி ஒரு முறை, காய்ந்த துணி ஒரு முறை குழலுக்குள் போய்வந்தது. வெளியே வந்த கறுப்புத் துணியை முகர்ந்து பார்க்கச் சொன்னார்: அழுகிய முட்டை நாற்றம். கசடிலுள்ள பொட்டாசியம் சல்பைடு தண்ணீரோடு சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடைக் கக்குகிறது. அன்று அவருடைய பத்தாவது குண்டும் முதல் குண்டுக்குப் பக்கத்திலேயே விழுந்தது.