நீறு பூத்த சாக்லேட்

"பிள்ளைகளோடு சேர்ந்து சாக்லேட் குக்கீ செய்தோம். உருக்கிய சாக்லேட்டில் முக்கி, கண், மூக்கு, காது எல்லாம் ஒட்டிப் பூனை, கரடி, ஆந்தை என்று அலங்கரித்தோம். அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் டப்பாவைத் திறந்தால் கரடிக்கு நரைத்துவிட்டது! மேலெல்லாம் சாம்பல் தடவியதுபோல ஒரு வெள்ளைப் படலம். பூசணம் என்று பயந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சின்னவள் இன்னும் சமாதானமாகவில்லை. நான் என்ன தப்பு செய்தேன்?"

வாசகி ஒருவரின் கேள்வி இது. கொட்டியதுதான் தப்பு.

பூசணம் வளர ஈரம் வேண்டும். நல்ல சாக்லேட்டில் நீர் நூற்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருக்கும். அதில் பூசணம் பிழைப்பது கஷ்டம். பூசணமாக இருந்தால் பஞ்சு மாதிரி மேலெழும்பி நிற்கும், நாற்றமும் காட்டிக்கொடுக்கும். அங்கங்கே திட்டாகவோ கோடாகவோ மேலே ஒட்டியதுபோலத் தெரிகிற மங்கல் வெண்மை வேறு விஷயம். தமிழில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது: நீறு பூத்த நெருப்பு என்கிறோமே, அந்தப் பூத்தல்தான். சாக்லேட் தொழிலில் இருப்பவர்களும் இதை 'ப்ளூம்' என்றே சொல்கிறார்கள். பூப்பது சாக்லேட்டின் சொந்தக் கொழுப்பு. அது ஏன் மேலே வந்து பூக்கிறது என்பதுதான் எனக்குப் பிடித்த கதை.

அதற்கு முன் குக்கீயை முடித்துவிடுவோம். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடித்தால் குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழ்கள் சிக்கிக்கொள்ளும். ஓவனில் சோடாவோ பேக்கிங் பவுடரோ விடும் வாயு அவற்றை ஊதிப் பெரிதாக்கும். சர்க்கரையும் புரதமும் சூட்டில் சேர்ந்து மணமும் பழுப்பு நிறமும் தரும். 1912இல் இதை விவரித்த மெயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரிலேயே அந்த வினை இருக்கிறது. சாக்லேட் மாவு முன்பே கறுப்பு, பழுப்பைக் கண்ணால் பார்க்க முடியாது. ஓரம் இறுகி நடு கொஞ்சம் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள், மீதி வேலையைத் தட்டின் சூடு பார்த்துக்கொள்ளும். வேகாத மாவைப் பிள்ளைகள் நக்கிப் பார்க்க விடவேண்டாம். முட்டை போடாவிட்டாலும் பச்சை மாவிலேயே கிருமி இருக்கலாம். அப்புறம் ஒன்று: குக்கீ முழுக்க ஆறாமல் சாக்லேட்டில் முக்காதீர்கள். காரணம் பின்னால் தானாகவே விளங்கும்.

சரி, சாக்லேட்டுக்கு வருவோம்.

கறுப்பு சாக்லேட் என்பது கொக்கோத் துகளும் சர்க்கரைத் துகளும் கொக்கோ வெண்ணெய் என்ற கொழுப்பில் பொதிந்து கிடப்பது. கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றுக்கும் மூன்று வால்கள் உண்டு என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். பெரும்பாலான சமையல் கொழுப்புகளில் பலவித வால்கள் கலந்துகட்டிக் கிடக்கும், அதனால் அவை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கொக்கோ வெண்ணெய் அப்படியல்ல. அதில் முக்கியமாக மூன்றே வகை வால்கள்: பால்மிடிக், ஸ்டியரிக், ஒலியிக். அதிலும் பெரும்பாலான மூலக்கூறுகளில் நடு வால் ஒலியிக். இரட்டைப் பிணைப்பு இருப்பதால் அது மட்டும் சற்று மடங்கியிருக்கும். இரு பக்கமும் நேரான வால்கள், நடுவில் ஒரு கோணல். இப்படி ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்த மூலக்கூறுகள் என்பதால் வரிசையாக அடுக்கவும் முடியும், அந்த வரிசை மொத்தமாக ஒரே வீச்சில் குலையவும் முடியும். கையில் கெட்டியாக இருந்த துண்டு நாக்கில் வைத்ததும் கரைந்து ஓடுவது இதனால்தான்.

ஆனால் அடுக்குவதற்கு ஒரு வழி மட்டுமில்லை. பிள்ளைகளின் கிரேயான் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படியே அள்ளிக் கொட்டினால் மூடி மூடாது. பாதி அடுக்கினால் அமுக்கி மூடலாம். ஒவ்வொன்றாக நேராக வைத்தால் பெட்டியில் இடமே மிஞ்சும். அதே கிரேயான்தான், அடுக்கிய விதம் வேறு. கொக்கோ வெண்ணெய் இப்படி ஆறு விதமாகப் படிகமாகும் என்று வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் 1966இல் காட்டினார்கள். ஆறுக்கும் உருகுநிலை வேறு வேறு. முதலாவது ஏறக்குறைய 17 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். நான்காவது 27, 28 வரை தாங்கும். ஐந்தாவது 34 அருகில். ஆறாவது 36. நமக்கு வேண்டியது ஐந்தாவது மட்டும். அதுதான் பளபளக்கும், உடைத்தால் 'டக்' என்று சத்தம் வரும், விரலில் ஒட்டாது, வாயில் உருகும். நெருக்கமாக அடுக்கியிருப்பதால் இறுகும்போது கொஞ்சம் சுருங்கி, அச்சிலிருந்து தானாகக் கழன்றும் வரும்.

கிரேயானை நேராக அடுக்கப் பொறுமை வேண்டும் அல்லவா? மூலக்கூறுகளும் அப்படித்தான். உருகிய சாக்லேட்டைச் சும்மா ஆறவிட்டால் கிடைத்த இடத்தில் அவசரமாக உட்கார்ந்துகொள்ளும். நிலையான வடிவத்துக்குப் போகும் வழியில், எளிதில் உருவாகும் நிலையற்ற வடிவமே முதலில் தலைகாட்டும் என்பது வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட் என்ற வேதியியலாளர் 1897இல் சொன்ன விதி. ஆகவே நம் கரடியின் மேல் இறுகியது பெரும்பாலும் நான்காவதும் அதற்குக் கீழ்ப்பட்டவையும். அவை அங்கேயே நிற்பதில்லை. இரவோடு இரவாக நிலையான வடிவத்துக்கு மாறுகின்றன. அந்த இடமாற்றத்தில் உருகிய கொழுப்பு நுண்துளைகள் வழியே மேலே வந்து, பெரிய படிகங்களாக வளர்ந்து, ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிக்கிறது. அதுதான் அந்த வெள்ளை. மாவாக அரைத்த கண்ணாடி வெள்ளையாகத் தெரிவதும் இதே காரணத்தால்தான். வெள்ளை என்று எதுவும் புதிதாகச் சேரவில்லை.

ஐந்தாவதை மட்டும் எப்படி வரவழைப்பது? இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவ்வளவு கெட்டிக்காரத்தனம். கறுப்பு சாக்லேட்டை 45 டிகிரி வரை சூடாக்கினால் எல்லாப் படிகமும் அழிந்து பலகை சுத்தமாகிவிடும். பிறகு கிளறிக்கொண்டே 27 வரை ஆறவிட வேண்டும். இப்போது நான்காவதும் வரும், ஐந்தாவதும் வரும், கலவைக் கூட்டம். உடனே 31, 32 டிகிரிக்குத் திரும்ப ஏற்றவேண்டும். நான்காவதன் உருகுநிலை 28க்குள், அது கரைந்து போய்விடும். ஐந்தாவதன் உருகுநிலை 34, அது அசையாது. வெப்பநிலையையே சல்லடையாக்கி வேண்டாததைச் சலித்துவிட்டோம்! மிஞ்சிய ஐந்தாம் வகைப் படிகங்கள் மொத்தக் கொழுப்பில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு இருந்தால் போதும். அவற்றைப் பார்த்துப் பார்த்து மற்ற மூலக்கூறுகளும் அதே வரிசையில் நின்றுகொள்ளும். இந்த வேலைக்குப் பெயர் டெம்பரிங்.

வீட்டில் இவ்வளவு ஏற்றி இறக்க வேண்டியதில்லை, விதை போட்டால் போதும். கடையில் வாங்கிய பளபளப்பான சாக்லேட் கட்டியில் ஐந்தாம் படிகம் ஏற்கெனவே இருக்கிறது. முக்கால் பங்கை உருக்கி, அடுப்பிலிருந்து இறக்கி, மீதிக் கால் பங்கைப் பொடியாக நறுக்கிப் போட்டுக் கிளறுங்கள். போட்டது கரையக் கரையச் சூடு இறங்கும். கடைசியில் ஒன்றிரண்டு துண்டு கரையாமல் நின்றால் நல்லது, விதை உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். தெர்மாமீட்டர் இல்லையா? சுத்தமான கரண்டி நுனியில் ஒரு துளி எடுத்துக் கீழுதட்டில் வையுங்கள். உதடு ஏறக்குறைய 34, 35 டிகிரியில் இருப்பதால், 31 டிகிரி சாக்லேட் லேசாகக் குளிர்ச்சியாகத் தெரியும். வெதுவெதுப்பாக இருந்தால் இன்னும் கிளறவேண்டும். இந்தச் சோதனைக்கு எங்கள் வீட்டில் போட்டியே நடக்கும். ஆளுக்கொரு கரண்டி கொடுத்துவிடுவேன். பால் சாக்லேட்டுக்கு 29, 30 போதும். பால் கொழுப்பு குறுக்கே நிற்பதால் எல்லாமே இரண்டு டிகிரி கீழே நடக்கும்.

உருக்கும்போது தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் முதல் தடவை செய்தபோது, கொதிநீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்த கிண்ணத்தை மூடிவைத்தேன். மூடியைத் தூக்கும்போது இரண்டே சொட்டு ஆவித் தண்ணீர் உள்ளே விழுந்தது. பட்டுத் துணி மாதிரி வழிந்துகொண்டிருந்த சாக்லேட் கண்ணெதிரே ஈர மணலாகத் திரிந்தது. கொழுப்பில் மிதக்கும் சர்க்கரைத் துகள்கள் அந்தச் சொட்டு நீரில் பிசுபிசுத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டதுதான் காரணம். வேடிக்கை என்னவென்றால், இன்னும் நிறைய வெந்நீர் ஊற்றினால் அது திரும்ப வழவழப்பாகும். ஆனால் குக்கீ மேல் இறுகாது, குடிக்கத்தான் ஆகும். குடித்தோம்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "உனக்குக் கைராசி, எனக்கு எப்பப் பண்ணினாலும் வெளுத்துப்போகுது" என்பார். கைராசியெல்லாம் ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு இதை நிரூபிப்பது சுலபம். இரண்டு கரண்டி எடுங்கள். ஒன்றை விதை போடாத சாக்லேட்டிலும் மற்றதை விதை போட்டதிலும் முக்கி, 20 டிகிரியை ஒட்டிய அறையில் வையுங்கள். விதை போட்டது ஐந்து நிமிடத்துக்குள் ஓரத்திலிருந்து மங்கி இறுக ஆரம்பிக்கும். போடாதது வெகுநேரம் ஈரமாகவே மினுங்கும். மறுநாள் அதில்தான் நீறு பூக்கும். ஊகிக்கச் சொல்லிவிட்டுக் காட்டினால் இன்னும் நல்லது. ஆறாத குக்கீயில் ஏன் முக்கக்கூடாது என்பதும் இப்போது தெரிந்திருக்கும்: அதன் சூடு 34ஐத் தாண்டினால் பாடுபட்டு வளர்த்த விதையெல்லாம் செத்துப்போகும்.

வெளுப்பில் இன்னொரு வகையும் உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த டப்பாவை உடனே திறந்தால் காற்றின் ஈரம் சாக்லேட் மேல் வியர்க்கும். அதில் சர்க்கரை கரையும். நீர் காய்ந்ததும் சொரசொரப்பான சர்க்கரைப் படிகம் மிஞ்சும். எது எது என்று பார்க்க விரலால் தேயுங்கள். வழுக்கி மறைந்தால் கொழுப்பு, மணல் மாதிரி நெருடினால் சர்க்கரை. டப்பாவை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறந்தால் இந்தத் தொல்லை இல்லை. இரண்டுமே தின்னத் தகுந்தவை, ருசிதான் கொஞ்சம் மட்டு. வெள்ளைப் படலம் என்றால் மெழுகு கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் வீடியோக்களை நம்பவேண்டாம்.

டெம்பரிங் சரியாகச் செய்தாலும் குக்கீ விஷயத்தில் ஒரு சிக்கல் மிச்சமிருக்கிறது. குக்கீக்குள் இருக்கும் வெண்ணெயில் ஒரு பகுதி அறை வெப்பத்தில் திரவம். அது மெல்ல மேலேறிச் சாக்லேட்டுக்குள் புகுந்து, அதை இளக்கிப் பூக்கவைக்கும். இந்தப் பயணத்தை நேரில் பார்க்க, ஹாம்பர்க்கில் உள்ள டெசி ஆய்வுக்கூடத்தின் பெட்ரா-3 என்ற 2.3 கிலோமீட்டர் வளைய எந்திரத்தின் எக்ஸ் கதிரைச் சாக்லேட் மேல் பாய்ச்சினார்கள். 2015இல் வெளியான முடிவுப்படி எண்ணெய் முதலில் நொடிக்கணக்கில் நுண்துளைகளுக்குள் பாய்கிறது. படிகங்களைக் கரைப்பதெல்லாம் அதற்கப்புறம்.

"சாக்லேட்டுக்கு இவ்வளவு பெரிய எந்திரமா, மக்கள் வரிப்பணமா" என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு இந்தக் கேள்வியைக் கேட்டாலே எரிச்சல் வரும். 1998இல் ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து திடீரென்று எதிர்பாராத இன்னொரு படிக வடிவத்துக்கு மாறியது. அந்த வடிவம் சரியாகக் கரையவில்லை. அந்த உயிர்காக்கும் உறை மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டு மருந்தையே வேறு வடிவில் தயாரிக்க வேண்டியதாயிற்று. நம் கரடிக்கு நடந்த அதே கதை. ஒரே பொருள் எப்போது, ஏன் வேறுவிதமாக அடுக்கிக்கொள்கிறது என்ற கேள்விக்குச் சாக்லேட், மருந்து என்ற பேதமில்லை. கொடுக்கிற காசைச் சாக்லேட்டுக்கே கொடுங்கள் என்பேன், ஆராய்ச்சியாளர்களுக்கு மாதிரி தின்னவாவது கிடைக்கும்.

வாசகிக்கு: மறுபடி நரைத்தால் கொட்டாதீர்கள், சின்னவளிடமே கொடுத்து விரலால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டியாகவே வெளுத்துப்போன சாக்லேட் வீட்டில் இருந்தால் 45 டிகிரிக்கு உருக்கிப் பயன்படுத்தலாம், பழைய அடுக்கெல்லாம் அழிந்துவிடும். அதையே நறுக்கி விதையாக மட்டும் போட்டுவிடாதீர்கள்.