கரண்ட் போய் வந்தால் மாறிவிடும் முகவரி

களுவாஞ்சிகுடியில் எங்கள் வீட்டு மழைமானியின் கணக்கை ஒரு சின்னக் கணினி வைத்திருக்கிறது. மாரிக்காலத்தில் மட்டக்களப்பு நகரில் இருந்தபடியே அதைப் பார்ப்பேன். கரண்ட் போய் வந்தால் பார்க்க முடியாது. கணினி எழும்பிவிடும், ரவுட்டரும் எழும்பிவிடும். ஆனால் ரவுட்டருக்கு வேறு ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண், கிடைத்திருக்கும்.

அவற்றில் பழைய வகையான ஐபிவி4 முகவரி 32 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) நீளம், ஆகவே மொத்தமே சுமார் 430 கோடி. உலகப் பொதுக் கையிருப்பின் கடைசித் தொகுதிகளும் 2011 பெப்ரவரியில் பங்கிடப்பட்டுவிட்டன. அதனால் வீடுகளுக்குப் பெரும்பாலும் மாறிக்கொண்டிருக்கும் வாடகை முகவரிதான்.

பெரும்போகத்துக்கு வயல் விதைத்தால் மாட்டுப் பட்டிகள் மயிலத்தமடு, மாதவணைப் பக்கம் போகும். அறுவடை முடிந்தால் வட்டைக்குத் திரும்பும். பட்டிக்காரரைத் தேடுகிறவர் காடெல்லாம் அலையத் தேவையில்லை. சந்தித் தேநீர்க் கடையில் பெயரைச் சொல்லிக் கேட்டால் போதும், இடம் மாறியதைப் பட்டிக்காரர் அங்கே சொல்லி அனுப்பியிருந்தால். இணையத்தில் அந்தக் கடை டிஎன்எஸ். 1983இல் போல் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தது. பெயரைக் கொடுத்தால் முகவரியைச் சொல்லும். அந்தக் கடைக்குச் செய்தி கொண்டுபோகத்தான், எழுத்துக் கட்டளையால் ஓடும் ஒரு கட்டளைவரிக் கருவி எழுதினேன். அதற்குத் திரையில் முகம் கிடையாது. குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் க்ரோன் 5 நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுப்பும்.

வீட்டுக் கணினிக்குத் தெரிந்தது 192.168 என்று தொடங்கும் உள்வீட்டு முகவரி மட்டுமே. ஆகவே கருவி வெளியே உள்ள ஒரு சேவரிடம் (மற்றக் கணினிகளுக்குப் பதில் தரும் கணினி), ‘நான் எந்த முகவரியிலிருந்து வருகிறேன்?’ என்று கேட்கிறது. வந்த பதில் உண்மையில் முகவரிதானா என்று பார்க்க வேண்டும்; சிலவேளை பிழைச்செய்திப் பக்கம்தான் வரும். பிறகு, கோப்பில் வைத்திருக்கும் பழைய முகவரியோடு ஒப்பிடும். இரண்டும் ஒன்றென்றால் சும்மா இருக்கும். இந்தச் சும்மா இருப்பதுதான் கருவியின் உயிர் என்பேன். என் முதல் வடிவம் மாற்றம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாளுக்கு 288 தடவை செய்தி அனுப்பியது. டிஎன்எஸ் சேவை தருபவர் என் கணக்கை முடக்கிவிட்டார். அது நியாயம்தான்.

முகவரி மாறியிருந்தால் பெயர், புதிய முகவரி, இரகசியச் சாவி மூன்றும் மறைகுறியாக்கப்பட்ட இணைப்பில் போகும். ‘ஏற்றுக்கொண்டோம்’ என்று பதில் வந்த பிறகே கோப்பைத் திருத்த வேண்டும். முந்தித் திருத்தினால், அனுப்பியது வழியில் தவறினாலும் கருவி வேலை முடிந்ததென்று நம்பி மறுபடி முயலாது. சாவியைக் கட்டளை வரியில் தட்டச்சிடவும் கூடாது. அதே கணினியில் உள்ள மற்றவர்கள் ஓடும் நிரல்களின் பட்டியலில் அதைப் படித்துவிடலாம்.

டிஎன்எஸ்ஸிடம் ஒருமுறை கேட்ட பதிலை இடையிலுள்ள சேவர்கள் நினைவில் வைத்திருக்கும். எவ்வளவு நேரம் என்பதை டிடிஎல் என்ற எண் சொல்கிறது. நான் 300 விநாடி வைத்திருக்கிறேன். ஆக, கருவி எழும்ப 5 நிமிடம், பழைய பதில் மறைய 5 நிமிடம்: இணைப்பு திரும்பி அதிகம் போனால் 10 நிமிடத்தில் மழைக்கணக்கு தெரியும்.

அக்கரைப்பற்றில் இருக்கும் மச்சானும் இந்தக் கருவியைக் கேட்டார். முதலில் ரவுட்டரின் வெளிமுகவரியைப் பார்க்கச் சொன்னேன். 100.72 என்று தொடங்கியது. 100.64 முதல் 100.127 வரையான முகவரிகள், பல வீடுகளை ஒரே பொதுமுகவரிக்குப் பின்னால் வைப்பதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அந்தப் பொதுமுகவரிக்கு வருகிற அழைப்பு எந்த வீட்டுக்கென்று இணைய இணைப்புத் தரும் நிறுவனத்தின் சாதனத்துக்குத் தெரியாது. பெயரை எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. நல்லவேளை, அவருடைய இணைப்பில் 128 பிட் நீளமுள்ள புதிய வகையான ஐபிவி6 முகவரியும் வருகிறது. அதைப் பதிவதற்காகக் கருவியை இப்போது திருத்திக்கொண்டிருக்கிறேன்.