சிக்ஸ் பை சிக்ஸ் பார்வை, ஆனால் இழை இரண்டாகத் தெரிகிறது

திருபுவனத்திலிருந்து ஒரு பட்டு நெசவாளர் வந்திருந்தார். வயது முப்பத்திநாலு. உட்காரும் முன்பே ஒரு கத்தைக் காகிதத்தை மேசையில் வைத்தார். சி.டி. ஸ்கேன் நார்மல். கண் பரிசோதனைச் சீட்டு இரண்டு, இரண்டிலும் 6/6.

"கண்ணு நல்லா இருக்குன்னுதான் எல்லாரும் சொல்றாங்க டாக்டர். தறியில உக்காந்தா ஒரு இழை ரெண்டாத் தெரியுது. வேலைக்குச் சோம்பல்பட்டு சாக்கு சொல்றேன்னு வீட்ல நினைக்கிறாங்க."

நான் டாக்டர் இல்லை, ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதிக்கிற ஆள். கும்பகோணத்தில் இதைப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன், யாரும் கேட்பதாக இல்லை. (இங்கே நான் சொல்லும் ஆட்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.)

அவரைக் கொஞ்சம் பேசவிட்டதும் கதை வெளியே வந்தது. நாலு மாதத்துக்கு முன்பு, சாலையில் காயப் போட்டிருந்த நெல்லில் வண்டி சறுக்கிப் பின்மண்டை தரையில் மோதியிருக்கிறது. சில நிமிடம் என்ன நடந்தது என்றே நினைவில்லை. ரத்தக் காயம் பெரிதாக இல்லை. இரண்டு நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதை அவர் கண்ணோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. சீட்டு எழுதியவர்களும் கேட்கவில்லை. குறை சொல்லவில்லை, பல வருடங்களுக்கு முன்பு நானே இப்படி ஒரு மாணவிக்கு 'பவர் இல்லை' என்று எழுதிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

6/6 என்பது ஆறு மீட்டர் தொலைவில், அசையாமல் நிற்கிற எழுத்தை, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்க முடிகிறது என்பதற்கான சான்று. ஆறு மீட்டர் தள்ளி நின்று யாரும் தறி நெய்வதில்லை. கிட்டத்தில் பார்க்க இரண்டு கண்ணும் சேர்ந்து மூக்குப் பக்கம் திரும்ப வேண்டும். உள்ளே லென்ஸ் தடிக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போய் மணிக்கணக்காக நிற்க வேண்டும். அதற்கான உத்தரவு மூளையின் பல இடங்களிலிருந்து வருகிறது. தலை குலுங்கும்போது கெடுவது இந்த ஒத்திசைவுதான். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும், மூளை அதிர்ச்சியைக் காட்டாது. அதனால் ஸ்கேன் நார்மல் என்பதும் அவர் சொன்னதும் ஒன்றுக்கொன்று முரணே இல்லை.

பேனா நுனியை மெல்ல அவர் மூக்கருகே கொண்டுபோனேன். பொதுவாக ஆறேழு சென்டிமீட்டர் வரை ஒன்றாகத் தெரியும். அவருக்கு இருபதிலேயே இரண்டாகப் பிரிந்தது. ஒரு கண் வெளியே நழுவியதை நானே பார்த்தேன். குவிதல் குறைபாடு என்கிறோம். படித்தால் எழுத்து நகர்கிறது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது, கால் மணி நேரத்தில் நெற்றி வலிக்கிறது என்று யார் சொன்னாலும் நான் கேட்கும் அடுத்த கேள்வி, "எப்பவாவது தலையில அடிபட்டுச்சா?"

இதற்குப் பயிற்சி உண்டு. நீளமான கயிற்றில் மூன்று நிற மணிகள் கோத்து, ஒரு முனையை ஜன்னல் கம்பியில் கட்டி, மறுமுனையை மூக்கு நுனியில் பிடித்து, ஒவ்வொரு மணியாகப் பார்க்க வேண்டும். வீட்டில் பென்சிலை மூக்கருகே கொண்டுவருவது மட்டும் போதும் என்று முன்பு நினைத்தோம். 2008-இல் அமெரிக்காவில் இதே குறைபாடுள்ள 221 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் 12 வாரப் பயிற்சியைச் சிகிச்சை மையத்தில் வைத்துச் செய்தவர்களில் 73 சதவீதம் பேர் தேறினார்கள், வீட்டில் பென்சில் மட்டும் பிடித்தவர்களில் 43 சதவீதம். அந்தப் பிள்ளைகள் தலையில் அடிபட்டவர்கள் இல்லை, அதனால் எண்ணை அப்படியே பொருத்த மாட்டேன். ஆனால் பென்சிலைக் கையில் கொடுத்து 'ஆறு மாசம் கழிச்சு வாங்க' என்று அனுப்புவதை நிறுத்திவிட்டேன்.

இன்னொருவர், ஐம்பதைத் தாண்டிய விவசாயி, தென்னையிலிருந்து விழுந்தவர். தலை எப்போதும் ஒரு பக்கம் சாய்ந்தே இருக்கும். கழுத்துச் சுளுக்கு என்று இரண்டு மாதம் எண்ணெய் போட்டு வழித்துவிட்டிருக்கிறார்கள். அவர் சொன்ன ஒரு வார்த்தைதான் வழிகாட்டியது: "காவிரிப் படித்துறையில ஏறும்போது ஒண்ணுமில்ல, இறங்கும்போதுதான் படி ரெண்டாத் தெரியுது." கண்ணைக் கீழே இறக்குகிற ஒரு தசைக்குப் போகும் நான்காம் நரம்பு மெல்லியது. மூளையின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, மண்டையோட்டுக்குள் நீண்ட தூரம் சுற்றி வருவது. தலையில் பலமாக அடிபட்டால் அது எளிதில் பாதிக்கப்படும். பிம்பம் மேலும் கீழுமாகப் பிரியும், கீழே பார்க்கும்போது அதிகமாகும். தலையைச் சாய்த்தால் இரண்டும் ஒன்றாகும். அவர் கழுத்தில் கோளாறே இல்லை, கண்ணுக்காகக் கழுத்து உழைத்துக்கொண்டிருந்தது! இரண்டு பிம்பத்தையும் ஒன்றாக்க, மூக்குக் கண்ணாடியில் ஒட்டுகிற பிரிசம் தாள் கொடுத்தோம். பலருக்கு இது சில மாதங்களில் தானே சரியாகும். ஆகாவிட்டால் ஆறு மாதம் போலக் காத்திருந்து அறுவை சிகிச்சையைப் பற்றிக் கண் மருத்துவர் யோசிப்பார்.

பந்தியில் உட்கார்ந்து "உப்பும் ஊறுகாயும் வைக்கலையே" என்று கேட்கிற ஆளையும் பார்த்திருக்கிறேன். இரண்டும் இலையின் இடது மூலையில் இருந்தன. மூளையின் வலது பின்பகுதி பாதித்தால் இரண்டு கண்ணிலும் இடது பாதி போய்விடும். நிலைக்கதவில் இடது தோள் இடிக்கும். புத்தகத்தில் வரியின் தொடக்கம் காணாமல் போகும். பக்கத்தின் இடது ஓரத்தில் சிவப்பு நாடா ஒட்டி, அந்தச் சிவப்பைக் கண்ணால் தொட்ட பிறகுதான் படிக்க வேண்டும் என்று பழக்குவோம். வீட்டுக்காரர்கள் தண்ணீரையும் மாத்திரையையும் வலப்பக்கம் வைக்கலாம். ஆனால் பேசும்போது இடப்பக்கம் நின்று பேசிப் பாருங்கள், தலை திரும்பப் பழகும்.

வெளிச்சம் கூசுவதைப் பற்றி ஒரு வார்த்தை. நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் பத்து மணி வெயில் பட்டுத் தெறிப்பதை அடிபட்டவரால் தாங்க முடியாது. வெளியே தொப்பி, கறுப்புக் கண்ணாடி, தலையில் துண்டு எல்லாம் சரி. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியோடு இருந்தால் கண் இருட்டுக்குப் பழகி, கூச்சம் இன்னும் கூடும். மாதக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைப்பதும் அப்படித்தான். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் தாங்கும் அளவுக்கு மெல்ல மெல்ல வேலைக்குத் திரும்ப வேண்டும். பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் எல்லாம் சரியாகிவிடும். ஒரு மாதம் தாண்டியும் தொல்லை இருந்தால், இரண்டு கண்ணும் சேர்ந்து எப்படி வேலை செய்கிறது என்று பரிசோதிக்கக் கேளுங்கள்.

காத்திருக்கக் கூடாதவையும் உண்டு. ஒரு கண்ணின் பாப்பா (நடுவில் உள்ள கறுப்பு வட்டம்) மட்டும் விரிவது, இமை திடீரென்று தொங்குவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப முடியாத தூக்கம், புருவத்தில் அடிபட்டதும் அந்தக் கண் மங்குவது என்றால் உடனே 108. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்குத் திண்ணையில் லேசாக இடித்ததே சில வாரம் கழித்து மூளையைச் சுற்றிய ரத்தக்கட்டாக வெளிப்படலாம். சாலை விபத்தில் சிக்கியவர்களுக்கு முதல் 48 மணி நேர இலவசச் சிகிச்சை தருகிற 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரில் வந்தது, பல உயிர்களுக்குப் பெரிய உதவி. நான் பார்க்கிற தொல்லைகளோ அந்த 48 மணி நேரம் முடிந்து, ஆள் வீட்டுக்கு வந்து, தறியிலோ புத்தகத்திலோ உட்காரும்போதுதான் தலைகாட்டுகின்றன.

நெசவாளர் மூன்றாம் முறை வந்தபோது மனைவியையும் கூட்டி வந்திருந்தார். அந்த அம்மா கயிற்றைத் தன் மூக்கில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எனக்கும் ரெண்டு கயிறாத் தெரியுதே!" என்று பதறினார்.

"எல்லாருக்கும் அப்படித்தான்மா தெரியும். உங்களுக்கு அந்த ரெண்டும் எங்க சேருது?"

"மணி மேலதான்."

"அவருக்கு அங்க சேரல. அதுக்குத்தான் இந்தப் பயிற்சி."

கணவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. இரட்டைப் பார்வை தீரும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்று அவரிடம் முதல் முறையே சொல்லியிருந்தேன். கிளம்பும்போது வாசலில் பார்த்தேன், சாவியை வாங்கிக்கொண்டு அந்த அம்மா முன்னால் உட்கார்ந்தார்.