உப்பு பிடிச்ச றீல் ஸ்குரு ஏன் கழருதில்ல?

வெள்ளவத்தையில காலி வீதிக்கு கடல் பக்கமா இருக்கிறவங்களுக்கு இது புதுசில்ல. ஜன்னல் கிறில்ல கை வச்சா பிசுபிசுக்கும், சைக்கிள் செயின் ரெண்டு மாசத்துல கறள் கட்டும், பால்கனி பூட்டு ஒரு நாள் திறக்கும் மற்ற நாள் திறக்காது, அதுவும் மே மாசத்துல இருந்து செப்டெம்பர் வரைக்கும் தென்மேல் காத்து அடிக்கிற காலத்துல சொல்லவே வேணாம். அந்தக் காத்துல என்ட தூண்டில் றீல் மூணு மாசம் ஒரு பையில சும்மா கிடந்துச்சு. கடைசியா கல்லு மேல நிண்டு மீன் பிடிச்சுட்டு வந்து கழுவாம வச்சது என்ட பிழைதான்.

எடுத்துச் சுத்தினா உள்ளுக்க மண் அரைக்கிற சத்தம். சரி, சைட் பிளேட்ட கழட்டி கிறீஸ் போடுவம் எண்டு பாத்தா நாலு ஸ்குருவுல மூணு கழண்டுட்டுது, நாலாவது அசையவே இல்ல. கொஞ்சம் பலமா திருப்பினன், ட்ரைவர் டக்கெண்டு துள்ளி வெளிய வந்துச்சு, திரும்ப வச்சன், திரும்ப டக், அப்பிடி நாலைஞ்சு தரம் ஆன பிறகு டோர்ச் அடிச்சுப் பாத்தா பிளஸ் குழி கழுதை தேஞ்சு கட்டெறும்பான கதையா வெறும் வட்டக் குழியா நிக்குது.

பஞ்சிகாவத்தையில தெரிஞ்ச மெக்கானிக் பாஸ் ஒருத்தர்கிட்ட கொண்டு போனன். நெத்தியில கிடந்த கண்ணாடிய இறக்கி, ஸ்குரு தலையச் சுத்தி நகத்தால சுரண்டினார், பல்பொடி மாதிரி வெள்ளையா தூள் வந்துச்சு.

"தம்பி, நீங்க தலையோட மல்லுக்கட்டி இருக்கிறீங்க. பிடிச்சு வச்சிருக்கிறது கீழ."

"கறளா அண்ணே?"

"எவர்சில்வர் ஸ்குருவுல ஏது கறள்? இது அலுமினியம் கரைஞ்சு வந்த தூள்."

அவர் சொன்னதுதான் முழு விசயமும். றீல் உடம்பு அலுமினியம், ஸ்குரு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ரெண்டுக்கும் நடுவுல ஒரு சொட்டு கடல் தண்ணி. கடல் தண்ணில கிட்டத்தட்ட 3.5 வீதம் உப்பு, நல்லா கரண்ட் கடத்தும். ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத் தண்ணி எண்டா அது ஒரு குட்டி பெட்டரிதான், கடல் தண்ணில இந்த ரெண்டுக்கும் இடையில அரை வோல்ட்டுக்கு மேல வித்தியாசம் வரும். அந்த பெட்டரில தேயிற பக்கம் எப்பவும் அலுமினியம். ஸ்குரு பளபளப்பா இருக்கும், அதைச் சுத்தியிருக்கிற உடம்புதான் கரைஞ்சு வெள்ளைத் தூளாகும், அந்தத் தூள், அது வந்த உலோகத்த விட கூட இடம் பிடிக்கும். ஸ்குரு புரிக்கு (சுத்தி ஓடுற மரைக்கு) நடுவுல இடமே இல்ல, அதுக்குள்ள வீங்கினா என்னாகும்? சீமெந்து ஊத்தின மாதிரி இறுகிடும்.

இனி தலைக்கு வருவம். பிளஸ் குழிய உலகத்துக்கு பரப்பினவர் அமெரிக்காவுல ஓரிகன் பக்கத்து ஹென்றி பிலிப்ஸ், 1936ல பேட்டன்ட் கிடைச்சது. கார் தொழிற்சாலையில மெசின் ட்ரைவர் தானாவே நடுவுல போய் உக்காரணும், அதுக்காக குழியோட சுவரெல்லாம் உள்ளுக்கு சரிஞ்சு போற மாதிரி செஞ்சது. அந்தச் சரிவுதான் எங்களுக்கு வினை. திருப்பிற பலத்துல ஒரு பங்கு சரிவுல ஏறி ட்ரைவர மேல தள்ளுது, ஸ்குரு இறுக இறுக தள்ளலும் கூடும், ஒவ்வொரு டக்குக்கும் கொஞ்சம் உலோகத்த வழிச்சு எடுத்துட்டு வரும். இதுல இன்னொரு கூத்து, ஜப்பான் றீல்கள்ல கனக்க இருக்கிறது பிலிப்ஸே இல்ல, ஜேஐஎஸ் எண்டு அவங்கட சொந்த அளவு. பாக்க அச்சு அசல் ஒண்டுதான் (சிலதுல தலையில ஒரு குட்டிப் புள்ளி இருக்கும்), ஆனா பிலிப்ஸ் ட்ரைவர அதுல வச்சா அடி வரைக்கும் போய் உக்காராது. நான் வச்சதும் அதுதான், வீட்டு லாச்சியில கிடந்த ட்ரைவர்.

அதால தலைய தொட முதல் புரிய இளக்கணும். மெல்லிசான எண்ணெய் ஒரு சொட்டு, ஸ்குரு மேல பாத்த மாதிரி றீல வச்சு ஒரு ராத்திரி விடுங்க. திரி எண்ணெய உறிஞ்சிற அதே வேலைதான், இடைவெளி எவ்வளவு ஒடுக்கமோ அவ்வளவு தூரம் எண்ணெய் தானா ஊர்ந்து போகும், ஆனா அவசரப்படாது. டபிள்யூடி-40ம் பரவாயில்ல, 1953ல அமெரிக்காவுல தண்ணிய விலக்கிறதுக்கெண்டு கலந்து பாத்த நாப்பதாவது கலவை அது, பேருல இருக்கிற 40 அதுதான். அசெட்டோன் கலந்து ஊத்தச் சொல்றவங்கட பேச்ச றீல் விசயத்துல கேக்காதீங்க, பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் சேத்து உரிச்சிடும்.

பிறகு சூடு. ஒரு மீற்றர் அலுமினியம் ஒரு டிகிரிக்கு 23 மைக்ரோன் நீளும், ஸ்டெயின்லெஸ் 17 தான். அப்ப உடம்ப சூடாக்கினா ஓட்டை ஸ்குருவ விட கூட விரியணும், சரிதானே? கணக்குப் பாத்தா 3 மில்லிமீற்றர் ஸ்குருவுக்கு 40 டிகிரி கூட்டினாலும் முக்கால் மைக்ரோன் கூட வராது, தலைமுடித் தடிப்புல நூறுல ஒரு பங்கு. எனக்கும் முதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. ஆனா அந்த வெள்ளைத் தூள் ரப்பர் மாதிரி இழுபடாது, சாக்குக்கட்டி மாதிரி, கொஞ்சம் அசைஞ்சாலே வெடிக்கும். அதால பாஸ் செஞ்சது நேர் எதிர், சோல்டரிங் அயன் முனைய ஸ்குரு தலையில நேரா வச்சு ஒரு நிமிசம் பிடிச்சார். ஸ்குரு மட்டும் சூடாகி வீங்கி தூள நசுக்குது, ஆறினதும் சுருங்குது, நடுவுல வெடிப்பு விழுது, அந்த வெடிப்புல திரும்ப எண்ணெய். மூணு தரம் செஞ்சார். ஸ்குரு தானா கழராம இருக்க புரியில லொக் பசை போட்டிருந்தா அதுவும் இந்தச் சூட்டுல இளகும். உடம்பு கார்பன் பிளாஸ்டிக்கா இருந்தா மட்டும் அயன் பக்கமே போகாதீங்க.

அதுக்குப் பிறகுதான் பிடிமானம். ட்ரைவர வச்சு பின்னால சுத்தியலால லேசா ரெண்டு தட்டு, குழியும் கொஞ்சம் படியும் புரியும் அதிரும். வால்வ் அரைக்கிற பேஸ்ட் ஒரு பொட்டு வச்சா அதுல இருக்கிற கரகரப்பு ட்ரைவர வழுக்க விடாது, றப்பர் பாண்ட் வைக்கிறதும் அதே நினைப்புத்தான் ஆனா இறுகின ஸ்குருவுக்கு அது காணாது. தலை வெளிய தள்ளி நிண்டா ஹக்சோ பிளேட்டால ஒரு கோடு வெட்டி தட்டை ட்ரைவர் போடலாம், என்டது குழிக்குள்ள அமிஞ்ச தலை, அது சரிவரேல்ல. கைபிடிப் பக்கத்து ஸ்குரு எண்டா முதல்ல ஒரு தரம் யோசிங்க, சில றீல்ல அது எதிர்ப்புரி, கழட்டுறன் எண்டு இறுக்கிட்டு இருப்பீங்க.

கடைசியில நான் கடையில எக்ஸ்ட்ராக்டர் (தேஞ்ச ஸ்குருவ குடைஞ்சு பிடிச்சுக் கழட்டுற ஊசி) ஒண்டு வாங்கி வரட்டா எண்டு கேட்டதுக்கு பாஸ் தலையாட்டவே இல்ல. இவ்வளவு சின்ன ஸ்குருவுக்கு அந்த ஊசி உள்ளுக்க முறிஞ்சா டிரில் பிட்டும் அத வெட்டாது, ஆப்பிழுத்த குரங்கு மாதிரி நிக்க வேண்டியதுதான். அவர் ஸ்குரு தண்ட விட கொஞ்சம் பெரிய பிட் ஒண்ட எடுத்து மெதுவா தலைய மட்டும் துளைச்சார். இதுக்குள்ள ஒரு அழகான கணக்கு இருக்கு: ஸ்குருவ இறுக்க நாங்க குடுக்கிற பலத்துல கிட்டத்தட்ட பாதி தலைக்கு அடியில உரசுறதுக்கே போயிடும், 40 வீதம் போல புரியில, மிச்சம் 10 வீதந்தான் உண்மையா இழுத்துப் பிடிக்கிறதுக்கு. தலை போனா அந்தப் பாதி உரசலும் இல்ல, இழுவையும் இல்ல.

தலை ஒரு சின்ன வளையமா பிட்டோட சுத்தி வந்துச்சு, பிளேட் தானா கழண்டுது. வெளிய தெரிஞ்ச நாலு மில்லிமீற்றர் தண்ட குறடால பிடிச்சு கால் சுத்து திருப்பினார், "இனி நீங்க" எண்டு என்ட கையில தந்தார். மிச்சத்த நான் விரலாலயே கழட்டினன். புரி முழுக்க வெள்ளைத் தூள், ஸ்குரு மட்டும் நேத்து வாங்கின மாதிரி மினுங்குது.

புது ஸ்குருவுக்கு புரியில மரைன் கிறீஸ் பூசித்தான் போட்டன், தண்ணி உள்ளுக்க போகாட்டி பெட்டரி வேலை செய்யாது. மற்ற மூணையும் கழட்டி அதே மாதிரி பூசினன், அதுல ரெண்டுல ஏற்கனவே வெள்ளை பிடிக்கத் தொடங்கியிருந்துச்சு.